அந்தத் தவளையைத் தொட்டால் சாவு வராது

"தாமிரபரணிப் பாசன வயல்களில் விஷ அம்புத் தவளை பரவுகிறது, தொட்டால் மரணம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. கூடவே முதுகில் கரும்பட்டையோடு ஒரு குட்டித் தவளையின் படம். செய்தி பொய். படத்தில் இருப்பது நம் வயல்களில் காலங்காலமாக இருக்கும் குறுவாய்த் தவளை. அறிவியல் பெயர் மைக்ரோஹைலா ஆர்னேட்டா, 1841-லேயே விவரிக்கப்பட்டுவிட்டது.

வளர்ந்தாலும் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். கூம்பிய மூக்கு, சின்ன வாய், மங்கிய பழுப்பு உடம்பு. கண்களுக்கு நடுவே குறுகித் தொடங்கி, முதுகில் இடுப்புப் பக்கம் அகலும் கரும்பட்டைதான் அடையாளம். பகலில் சருகு, மண்கட்டி இடுக்கில் ஒளிந்திருக்கும். எறும்பும் கரையானும் தின்னும். ஐப்பசி மழை பெய்து வரப்போரம் தண்ணீர் தேங்கினால் ராத்திரி முழுக்கக் கத்தும். அந்தச் சத்தத்துக்கும் உருவத்துக்கும் சம்பந்தமே இருக்காது! முட்டைகள் நீர்மேல் மெல்லிய படலமாக மிதக்கும். தலைப்பிரட்டையோ கண்ணாடி மாதிரி, உள்ளே குடல்கூடத் தெரியும்.

சரி, நிஜமான விஷ அம்புத் தவளை? அது மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளில் வாழ்வது. பல இனங்கள் மஞ்சள், நீலம் எனப் பளிச்சென்று இருக்கும். விஷம்கூட அங்குள்ள சில எறும்பு, உண்ணிகளைத் தின்பதால் சேர்வதுதான். கூண்டில் வேறு தீனி போட்டு வளர்த்தால் அந்த விஷம் இருக்காது.

இந்தச் செய்தியை நம்பி வரப்பில் மருந்தடிப்பது வீண் செலவு. தவளையைத் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.