மலைச் செடிக்கு இருக்கும் சட்டம் எங்கள் ரத்தத்துக்கு இல்லை

கோத்தகிரிப் பக்கம் எங்கள் இருளர் ஊர்களில் ரத்தம் எடுக்க யாராவது வந்தால் பெரிதாகக் கேள்வி கேட்பவர்கள் இல்லை. தலைமுறைப் பழக்கம் அது. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான சிக்கிள் செல் நோயின் மரபணு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1952-ல், நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில்தான். அதற்கப்புறம் எத்தனையோ குழுக்கள் வந்து போய்விட்டன. எடுத்த ரத்தத்தில் என்ன தெரிந்தது என்று திரும்பி வந்து, ஊரை உட்காரவைத்துச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு.

பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன், கீழ்ச்சரிவு ஊர்களிலிருந்து மேலே படிக்க வரும் பிள்ளைகள் மார்கழிக் குளிரில் கை கால் வலி தாங்காமல் விடுதியில் சுருண்டு கிடப்பதைப் பார்த்தவன். சிக்கிள் செல் உள்ள பிள்ளைகளுக்குக் குளிரும், குளிருக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் அந்த வலியைக் கிளப்பிவிடும். முன்பெல்லாம் வாதம் என்று தைலம் தேய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது சீக்கிரமே கண்டுபிடித்து ஹைட்ராக்சியூரியா மாத்திரை கொடுத்தால் வலி வருவது குறைகிறது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும், கோத்தகிரியில் நாவா என்ற ஆதிவாசி நலச் சங்கமும் பல வருடங்களாக இதற்கு உழைக்கிறார்கள். 2023 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் திட்டம். நல்லது, செய்யட்டும்.

ஆனால் எப்படிச் செய்கிறார்கள்? சில வருடங்களுக்கு முன் ஒரு குழு பள்ளிக்கு வந்தது, பெயர் வேண்டாம். ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலம், அதில் பிள்ளைகளுக்காக விடுதிக் காப்பாளர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெற்றோருக்குத் தகவல்கூட இல்லை. மிச்ச ரத்தத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், "லேபுக்குப் போகும் சார்" என்றார்கள். அவ்வளவுதான் பதில்.

லேபுக்குப் போன ரத்தம் எங்கெல்லாம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹவசுப்பாய் மக்கள் கதை இருக்கிறது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் வாழ்கிற சின்னப் பழங்குடி. சர்க்கரை நோய் ஆய்வு என்று நம்பி 1990-லிருந்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தில் மனச்சிதைவு நோய், சொந்தத்துக்குள் கல்யாணம், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது வரை ஆராய்ந்திருக்கிறார்கள், இது 2003-ல்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அந்தப் பள்ளத்தாக்கே தாங்கள் பிறந்த இடம் என்று நம்புகிறவர்கள் அவர்கள். வழக்குப் போட்டு 2010-ல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடு மிச்ச ரத்தத்தையும் திரும்ப வாங்கினார்கள்.

இங்கே அப்படி நடந்தால் எதைக் காட்டி வழக்குப் போடுவது? 2002-ன் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி எங்கள் மலைச் செடியை எடுத்து மருந்து செய்து விற்றால் பலனில் பங்கு தர வேண்டும். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, அகத்தியமலைக் காணிக்காரப் பழங்குடிகள் காட்டிய ஆரோக்கியப் பச்சை என்ற செடியிலிருந்து மருந்து வந்தபோது உரிமத் தொகையில் அவர்களுக்குப் பாதி என்று ஏற்பாடு நடந்தது. ஆனால் மனித மரபணுப் பொருளை அந்தப் பல்லுயிர்ச் சட்டம் வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. மனிதனைச் சரக்காக்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம், சரி. அப்படியென்றால் அதற்குத் தனியாக ஒரு பாதுகாப்பு வேண்டாமா? 2023-ன் தனிநபர் தரவுச் சட்டம் ஆராய்ச்சிக்கு விலக்குக் கொடுக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள், ஊர்த்தலைவர் சம்மதித்தாலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று நன்றாகவே சொல்கின்றன. அது மீறப்பட்டால் ரத்தம் கொடுத்தவருக்கு என்ன உரிமை என்று சொல்லும் தனிச் சட்டம் கிடையாது.

அப்புறம், பரிசோதனை முடிவை எழுதிக் கொடுக்கும் அந்த அட்டை. கல்யாணத்துக்கு முன் இருவர் அட்டையையும் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். இருவருமே, தங்களுக்கு நோய் இல்லாமல், மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் என்றால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஒருவர் மட்டும் சுமந்தால் எந்தப் பிள்ளைக்கும் அந்த நோய் வராது. அட்டை கொடுத்த வேகத்தில் இதை யாரும் விளக்குவதில்லை, "அந்தப் பொண்ணுக்கு சிக்கிள்" என்று ஊர் முழுக்கப் பரவிவிடுகிறது, நோயே இல்லாத பிள்ளைக்குச் சம்பந்தம் நின்றுபோகிறது. பையன் அட்டையை யாரும் கேட்டதாக நான் பார்க்கவில்லை. அட்டை கொடுக்கும் நாளிலேயே இரண்டு வீட்டாருக்கும் புரிகிற பேச்சில், பக்கத்து வீட்டுக் காதில் விழாமல், உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும். பேச நேரமில்லை என்றால் அன்றைக்கு அட்டையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த கேம்ப் பள்ளிக்கு வரும்போது படிவத்தைத் தமிழில் பெற்றோர் முன்னால் வாசித்துக் காட்டச் சொல்லப்போகிறேன். மிச்ச ரத்தம் எங்கே, யார் பொறுப்பில், எத்தனை வருடம் இருக்கும், வேறு ஆய்வுக்கு எடுத்தால் எங்களை மறுபடி கேட்பீர்களா என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். மற்ற பள்ளி ஆசிரியர்களும் ஊர் மூப்பன்களும் இதையே கேளுங்கள்.