எங்கே செருகுகிறோம் என்பதையும் பாருங்கள்

கணினியை வைஃபையில் இணைக்கும் யூஎஸ்பி அடாப்டர்களை ஒப்பிட்ட உங்கள் கட்டுரையில், நகம் அளவு அடாப்டரைவிட ஆண்டெனா வைத்தது தூரம் எட்டும் என்று சொன்னது சரிதான். ஆனால் எல்லாவற்றையும் கணினியின் பின்பக்கம் செருகியே ஒப்பிட்டிருக்கிறீர்கள். அங்கே இரும்புப் பெட்டியே சிக்னலை மறைத்துவிடும். போதாததற்குப் பக்கத்தில் யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் ஓடினால் அதன் மின்காந்த இரைச்சல் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே வந்து விழும். இன்டெல் 2012இலேயே இதை அளந்து வெளியிட்டது. எங்கள் வீட்டில் இரண்டு செங்கல் சுவர் தாண்டி மைனஸ் 78 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) காட்டிய சின்ன அடாப்டர், ஒரு மீட்டர் நீட்டிப்பு கேபிளில் மேசைமேல் வைத்ததும் மைனஸ் 66க்கு வந்தது. 12 டெசிபல் என்றால் கிட்டத்தட்ட 16 மடங்கு சக்தி! அப்புறம், எந்த அலைவரிசையில் அளந்தீர்கள் என்றும் குறிப்பிடுங்கள். சுவர் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் சீக்கிரம் தளர்ந்துவிடும். கேபிள் போட்டு இன்னொரு முறை அளந்து பாருங்களேன்.