உண்மை விளக்கம்: கோட்டை அதிகாரிகளைக் கேட்க ஆளே இல்லையா?

“இடைக்கால இங்கிலாந்தில் கோட்டை அதிகாரி எந்த வீட்டுத் தானியத்தையும் அள்ளிக்கொள்ளலாம். அதைத் தடுக்க ஒரு சட்டமும் கிடையாது” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. அள்ளியது உண்மை. சட்டமே இல்லை என்பதுதான் தவறு.

1170இல் நார்மண்டியிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, ஷெரிஃபுகள் (மன்னருக்காக மாவட்டங்களை நிர்வகித்த அதிகாரிகள்) மக்களிடம் எவ்வளவு பிடுங்கினார்கள் என்று விசாரிக்க உத்தரவிட்டார். பெரும்பாலான ஷெரிஃபுகள் பதவி இழந்தார்கள். மன்னர் ஜான் 1215இல் ஏற்ற உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் 28ஆவது பிரிவு இன்னும் வெளிப்படையானது. கோட்டைத் தலைவர் யாருடைய தானியத்தையும் பொருளையும் உடனே பணம் தராமல் எடுக்கக் கூடாது. விற்பவர் மனமொப்பித் தவணை தந்தால் மட்டுமே கடன். கோட்டை வேலைக்கு மரம் வேண்டுமானாலும் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும் என்கிறது 31ஆவது பிரிவு.

சட்டம் இருந்ததால் ஊழல் ஒழிந்துவிட்டது என்று எதிர்ப்பக்கம் தாவவும் வேண்டாம். நாட்டிங்காம் கோட்டையைக் கையில் வைத்திருந்த பிலிப் மார்க்கைப் பெயர் சொல்லியே பதவி நீக்கச் சொன்னது 50ஆவது பிரிவு. மனிதர் அசையவில்லை, சில ஆண்டுகள் அங்கேயே இருந்தார்! 1216இல் சாசனம் மீண்டும் வெளியிடப்பட்டபோது அந்தப் பிரிவே காணாமல் போனது.

மாக்னா கார்ட்டாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இருக்கிறது. 28ஆவது பிரிவை நீங்களே படித்துப் பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.