ஸ்ட்ரைக்கர் தவறவிடத்தான் செய்வான்

அந்த வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று காலை எங்கள் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில்கூட ஒருவர் அதைப் போட்டு, கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக அடுக்கியிருந்தார். அதற்கு மேல் பொறுக்கவில்லை. எந்த வீடியோ என்று நீலகிரியின் பந்தலூர், கூடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்தில் நம் டீமின் ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் போட முன்னால் நிற்கிற பையன், காலி கோலைத் தவறவிட்ட வீடியோ. அந்தப் பையன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏற்கெனவே போதுமான அளவு எழுதிவிட்டீர்கள்.

காலி கோல், பந்து கம்பத்துக்கு மேலே போகிறது, பின்னணியில் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். அவ்வளவுதான் வீடியோ. ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் முழு ஆட்டத்தையும் நீங்கள் பார்த்தது அவ்வளவுதான்.

நான் ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் இருந்தேன். வீடியோவில் இல்லாததைச் சொல்கிறேன். முதல் பாதியில் நம் டீம் போட்ட கோலை யார் போட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோல் விழுவதற்கு முன்னால் எதிரணியில் கோலைக் காக்கப் பின்னால் நிற்கிற இரண்டு பேக்குகளையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு கார்னர் பக்கம் ஓடியவன் யார்? இந்தப் பையன்தான். அவன் காலி செய்துவிட்டுப் போன இடத்தில்தான் இன்னொருவன் வந்து நின்று அடித்தான். மழை பெய்து கோல் வாய் முழுக்கச் சேறாகிக் கிடந்தது. கடைசி நிமிடத்தில் வலது பக்கத்திலிருந்து கோலுக்கு முன்னால் அடித்த கிராஸ் அந்தச் சேற்றில் பட்டு முழங்கால் உயரத்துக்குக் குதித்தது. அவன் காலை வைத்தான், மேலே போய்விட்டது. டைபிரேக்கர் பெனால்ட்டியில் தோற்றோம். டைபிரேக்கரில் வேறு இரண்டு பேரும் அடிக்காமல் விட்டார்கள். அவர்களுக்கு வீடியோ இல்லை.

ஸ்ட்ரைக்கர் தவறவிடத்தான் செய்வான். தவறவிடுகிற இடத்துக்குப் போய் நிற்பதுதான் அவன் வேலையே. அந்த நேரத்தில் மைதானத்தில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். காலி கோலுக்கு முன்னால் சரியான நொடியில் வந்து நின்றது அவன் ஒருவன்தான். மற்றவர்கள் யாரும் தவறவிடவில்லை, ஏனென்றால் மற்றவர்கள் யாரும் அங்கே இல்லை.

2022 உலகக் கோப்பை சமயத்தில் நம் ஜங்ஷன் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். டீக்கடைக்கு டீக்கடை அர்ஜென்டினா கொடி. மெஸ்ஸிக்கு ஃபிளெக்ஸ் வைக்க வீடு வீடாகக் காசு கேட்டு வந்தீர்கள், நானும் கொடுத்தேன். அந்த மெஸ்ஸி அதே கத்தாரில் போலந்துக்கு எதிராகப் பெனால்ட்டியை விட்டார், ஞாபகம் இருக்கிறதா? 2018-ல் ஐஸ்லாந்துக்கு எதிராக விட்டார். 2016 கோபா அமெரிக்கா இறுதி ஆட்டத்தில் சிலிக்கு எதிராக, நம் பையன் மாதிரியே, கம்பத்துக்கு மேலே அடித்தார். தேசிய அணியே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார், அப்புறம் திரும்பி வந்தார். அப்போது நீங்கள் அவருக்காக அழுதீர்கள். நம் சேரம்பாடிப் பையன் விட்டால் மட்டும் சிரிப்பு வருகிறதா?

இத்தாலி ஆட்டக்காரர் ராபர்ட்டோ பாஜியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1994 உலகக் கோப்பையில் இத்தாலியை இறுதி ஆட்டம் வரை இழுத்து வந்ததே அவர் போட்ட 5 கோல்கள்தான். நைஜீரியாவுக்கு எதிராக இரண்டு, ஸ்பெயினுக்கு எதிராக ஒன்று, பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு. இறுதி ஆட்டத்தின் டைபிரேக்கரில் அவர் அடித்தது மேலே போனது. அவருக்கு முன்னால் அதே அணியின் பரேசியும் மஸாரோவும்கூடக் கோல் போடவில்லை. பாஜியோ போட்டிருந்தாலும் பிரேசிலுக்கு இன்னொரு கிக் பாக்கி இருந்தது. ஆனால் முப்பது வருடம் தாண்டியும் உலகம் பார்ப்பது அவர் தலைகுனிந்து நிற்கும் அந்த ஒரு படத்தைத்தான். தொழில்முறை ஆட்டக்காரர்கள் அடிக்கிற பெனால்ட்டிகளிலேயே நான்கைந்தில் ஒன்று கோலாவதில்லை. நடுவில் யாரும் இல்லாமல், பந்து அசையாமல் இருக்கும்போதே இந்தக் கணக்கு என்றால், சேற்றில் குதித்து வருகிற பந்துக்கு என்ன கணக்கு சொல்வீர்கள்?

"விளையாட்டென்றால் கிண்டல் இருக்கத்தான் செய்யும் டீச்சர், சுனில் சேத்ரியே திட்டுங்கள் என்றுதானே சொன்னார்" என்று ஒருவர் பதில் போட்டிருந்தார். அப்போது இந்திய அணிக் கேப்டனாக இருந்த சேத்ரி 2018-ல் என்ன சொன்னார்? மும்பையில் சீன தைபேக்கு எதிராக இந்தியா 5-0 என்று ஜெயிக்கிறது, அவர் ஹாட்ரிக் போடுகிறார், ஸ்டேடியம் காலியாகக் கிடக்கிறது. அப்போது வீடியோவில் வந்து கெஞ்சினார். எங்களைத் திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் ஸ்டேடியத்துக்கு வந்து செய்யுங்கள் என்றார். வந்து செய்யுங்கள் என்பதுதான் அதில் முக்கியம். இந்த வீடியோவைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை அந்த மழையில் வந்து நின்றீர்கள்? நான் அங்கே இருந்தேன். கூட்டத்தைப் பார்த்தேன்.

சேத்ரி என்றதும் எல்லோரும் இந்தியாவுக்காக 94 கோல், 95 கோல் என்று எண்ணிக்கை சொல்கிறீர்கள். அந்த எண்ணிக்கைக்கு நடுவில் இருக்கிற வருடங்களைப் பாருங்கள். 2009-ல் இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுத்துக்கொண்டது, இந்தியா ஃபிஃபா தரவரிசையில் கீழே இருக்கிறது என்று வேலை அனுமதி கிடைக்கவில்லை. 2010-ல் அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டிக்குப் போனார். 2012-ல் போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் கிளப்பின் இரண்டாம் அணிக்குப் போனார். இரண்டு இடத்திலும் இறக்கியதே அபூர்வம். நம் ஊர்ப் பையனாக இருந்திருந்தால் அங்கேயே கதையை முடித்திருப்போம். பெரிய இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தானாம் என்று பேசியே வீட்டுக்குள் உட்கார வைத்திருப்போம். அவர் திரும்பி வந்தார், 2013-ல் பெங்களூரு எஃப்.சி. கிளப் அவருக்கு இடம் கொடுத்தது, தவறவிட்டாலும் அடுத்த ஆட்டத்தில் இறக்கியது. 2024-ல் விடைபெறும்போது இந்தியாவுக்காக 151 ஆட்டத்தில் 94 கோல் என்றால் கோலே போடாத ஆட்டங்கள் எத்தனை என்று யோசியுங்கள். 2024 ஜூன் 6, கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான அவருடைய விடைபெறும் ஆட்டமே 0-0 தான்.

விடைபெற்றவரை அடுத்த வருடமே, நாற்பது வயதில், இந்திய அணிக்கு மறுபடியும் கூப்பிட்டார்கள். ஏன்? வேறு ஆள் இல்லை. ஏன் இல்லை? இதைத்தான் நான் கேட்கிறேன். 2014-ல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) 2024–25 வரை ஒரு சீசனில்கூட இந்தியர் ஒருவர் அதிக கோல் போட்டவருக்கான கோல்டன் பூட் வாங்கியதில்லை. 2024–25-ல் மொராக்கோ நாட்டு அஜரை 23 கோல். இந்தியர்களில் முதலிடம் யார்? அதே நாற்பது வயது சேத்ரி, 14 கோல். ஆரம்பத்தில் ஆறு வெளிநாட்டவர் மைதானத்தில் இறங்கலாம், பிறகு ஐந்து, 2021–22-ல் நான்காக்கினார்கள். எத்தனையாகக் குறைத்தாலும் கிளப்புகள் முதலில் வெளியே தேடுவது ஸ்ட்ரைக்கரைத்தான். காரணம் ரொம்பச் சாதாரணம். நம் பையன் தவறவிட்டுத் தவறவிட்டுக் கற்றுக்கொள்ளும் வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. அங்கே கிளப் முதலாளிக்குப் பொறுமை இல்லை, இங்கே நமக்கு இல்லை.

திறமை இருந்தால் எங்கிருந்தாலும் மேலே வந்துவிடுவான் என்கிறீர்கள். காரைக்குடிப் பக்கம் கண்டனூரிலிருந்து சிவசக்தி வரவில்லையா என்கிறீர்கள். வந்தார், எனக்கும் பெருமைதான். 2022–23-ல் பெங்களூருக்காக 6 கோல் போட்டு, வளரும் வீரர் விருது வாங்கினார். சேத்ரியை வெளியே உட்கார வைத்து அவரை இறக்கிய ஆட்டங்களும் உண்டு. ஆனால் அவர் எங்கே பயிற்சி எடுத்தார்? ராமன் விஜயன் நடத்துகிற பள்ளியில். ராமன் விஜயன் 1997–98 தேசிய லீகில் அதிக கோல் போட்ட நம் தமிழ்நாட்டு ஸ்ட்ரைக்கர். ஒரு ஸ்ட்ரைக்கரின் கஷ்டம் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தார். பந்தலூர்ப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? வீடியோ எடுக்கிற நீங்கள் இருக்கிறீர்கள்.

இனி நான் சொல்லப் போவது என் வீட்டு விஷயம். என் தம்பியைப் பழைய ஆட்கள் பலருக்குத் தெரியும்.

நாங்கள் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லயன் வீட்டுப் பிள்ளைகள். தாத்தா, சிலோன் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அங்கிருந்து வந்தவர். அம்மா கொழுந்து பறித்துத்தான் எங்களை வளர்த்தார். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போனதும் பெரட்டுக்களம் தம்பிக்கும் அவன் கூட்டாளிகளுக்கும்தான். அந்த ஒரு துண்டு இடம்தான் சமதளம். கோலுக்கு மேலே அடித்தால் பந்து தேயிலைக்குள் விழுந்து சரிவில் உருண்டு போய்விடும். அடித்தவன்தான் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு இறங்கி எடுத்து வர வேண்டும். அதனாலேயே அவன் ஷாட் எப்போதும் தாழ்வாகத் தரையோடு போகும். எந்தக் கோச்சும் சொல்லித் தந்ததில்லை.

சென்னையில் கீழ் டிவிஷனில் ஆடுகிற ஒரு கிளப் அவனை எடுத்தது. முதல் ஆட்டத்தில் இரண்டு வாய்ப்பை விட்டான். இரண்டாவது ஆட்டத்தில் இடைவேளையோடு வெளியே எடுத்தார்கள். அப்புறம் நைஜீரியாவிலிருந்து ஒரு ஃபார்வர்ட் வந்தார், தம்பியைப் பின்னால் நின்று தடுக்கிற ரைட் பேக் ஆட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த நைஜீரியா அண்ணனைக் குறை சொல்லவே மாட்டேன். முதுகை எப்படிக் கொடுத்துப் பந்தைக் காப்பாற்றுவது என்று தம்பிக்குக் காட்டிக் கொடுத்தவரே அவர்தான், கையில் காசில்லாத நாட்களில் சாப்பாடும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். குறை அந்தக் கிளப்பின் மேல்தான். இரண்டே வாய்ப்பு. இரண்டு வாய்ப்பில் ஒரு மனிதனின் வாழ்க்கையை எடை போட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்தான். நாடுகாணி இறங்கி நிலம்பூர், மலப்புறம் பக்கம் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடுகிற ஃபுட்பால், ஆடப் போனான். கவுங்கு மரம் கட்டிய கேலரி, ராத்திரி வெளிச்சம், ஆட்டத்துக்கு ஆட்டம் கையில் காசு. அங்கே அவனை மறுபடியும் முன்னால் நிறுத்தினார்கள், கோலும் போட்டான். ஆனால் செவன்ஸ் ஆட்டத்துக்கு அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் அங்கீகாரம் கிடையாது. அங்கே எத்தனை கோல் போட்டாலும் எந்தக் கணக்கிலும் ஏறாது, ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு அந்தச் சான்றிதழ் உதவாது. முழங்கால் போனது. ஆபரேஷனுக்கு அம்மா பி.எஃப். பணத்தை எடுத்தார். இன்று கூடலூர் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிறான். இந்த வீடியோ அவன் போனுக்கும் வந்தது. "அக்கா, அவன் அந்த இடத்துக்கு எப்படி வந்தான்னு யாருமே பார்க்கலையே, பேக்கு முதுகுக்குப் பின்னாடியிருந்து வந்திருக்கான்க்கா" என்றான். அதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. சிரித்தவர்களைத் திட்டக்கூட இல்லை. அதனால்தான் நான் திட்டுகிறேன்.

ஊர்ப்பணம் போட்டு ஜெர்சி தைத்தோம், வேன் வாடகை கொடுத்தோம், பரிசுத்தொகை போய்விட்டதே என்கிற வருத்தம் எனக்கும் புரிகிறது. அதைக் கிரவுண்டிலேயே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம், அவனும் கேட்டுக்கொண்டிருப்பான். பொம்பளைக்கு ஃபுட்பாலில் என்ன தெரியும் என்று கேட்ட அண்ணனுக்கு மட்டும் ஒன்று. 2018-ல் மணிப்பூரைத் தோற்கடித்துத் தேசிய சாம்பியன் ஆனது தமிழ்நாட்டுப் பெண்கள் அணி. அடுத்த வருடம் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது மதுரையின் சேது எஃப்.சி. ஆண்கள் ஐ.எஸ்.எல் பார்க்கிற நேரத்தில் அதையும் கொஞ்சம் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள்.

சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்பவர்களுக்கு: திங்கட்கிழமை காலை அந்தப் பையன் தேயிலை ஃபேக்டரிக்கு ஷிப்டுக்குப் போனபோது, உலர்த்துகிற இடத்தில் நின்றவர்கள் அதே சிரிப்புச் சத்தத்தைப் போனில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவன் அம்மா என்னோடு படித்தவர். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மெஸ்ஸிக்கு இந்தக் கிண்டல் வலித்தாலும் தாங்கிக்கொள்ளச் சுற்றிலும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவனுக்கு அடுத்த நாள் அதே முகங்களோடு எட்டு மணி நேரம் வேலை.

இதையெல்லாம் இப்போது எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். அவனை ஸ்ட்ரைக்கராக வேண்டாம், பின்னால் நிறுத்திப் பார்க்கலாம் என்று நம் டீம் பொறுப்பாளர்களே பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். இதே வார்த்தையைத்தான் என் தம்பியிடமும் சொன்னார்கள். அண்ணன்மார்களே, உங்களை நான் சின்ன வயதிலிருந்து தெரிந்தவள் என்கிற உரிமையில் கேட்கிறேன், அவனை முன்னாலேயே விடுங்கள். அடுத்த ஆட்டத்திலும் விடுவான், அதற்கு அடுத்ததிலும் விடுவான், விடட்டும். வீடியோவைப் போட்ட பக்கத்தின் அட்மின் யார் என்றும் எனக்குத் தெரியும், என் வகுப்பில் உட்கார்ந்து படித்த பிள்ளைதான். தம்பி, இன்றைக்கு ராத்திரிக்குள் அதை எடுத்துவிடு. எடுக்கவில்லை என்றால் நாளைக்கு ஸ்கூல் விட்டதும் உன் வீட்டுக்கு வருகிறேன், உன் அம்மா முன்னால் பேசிக்கொள்ளலாம்.