ரேடியேட்டர் வாங்குமுன் ஒரு டார்ச் லைட் எடுங்கள்

போன வாரம் இன்னொரு தம்பி கூப்பிட்டான். “அண்ணா, டர்போ போட்டதிலிருந்து வண்டி சூடாகுது, எந்த ரேடியேட்டர் வாங்கலாம்?” மெல்பர்னில் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 (கூரை திறக்கும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருக்கும் நம்மாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆனால் எல்லாரிடமிருந்தும் வருவது இந்த ஒரே கேள்விதான். எதுவும் வாங்காதே என்றேன். “நீங்க மட்டும் வாங்கியிருக்கீங்க?” என்று கோபித்துக்கொண்டான். வாங்கிக் கெட்டதால்தான் சொல்கிறேன்.

என்னுடையது 1999 மாடல், 1.8 லிட்டர். கம்பெனியிலிருந்து வரும்போது டர்போ, அதாவது புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, கிடையாது. (2002-இல் மஸ்டா ஆஸ்திரேலியாவே எஸ்பி என்ற பெயரில் டர்போ வைத்துச் சுமார் நூறு கார்களை விட்டது. அது கைக்கு எட்டாதவர்கள் நாங்களாகவே மாட்டிக்கொண்டு, அதற்குச் சான்றிதழ் வாங்க அலைகிறோம், அது தனிக் கதை.) பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது, மிச்சத்தில் பெரும்பகுதி கூலன்ட் தண்ணீரில் இறங்குகிறது. ஆக, குதிரைத்திறனைக் கூட்டினால் தண்ணீருக்குப் போகும் சூடும் கூடத்தான் செய்யும். அதனால் பெரிய ரேடியேட்டர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு கடையில் தடிமனான அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை 600 டாலருக்குத் தலையில் கட்டினார்கள். பளபளவென்று இருந்தது, பானட்டைத் திறந்தாலே நாலு பேர் பார்ப்பார்கள். வண்டி மட்டும் முன்பு எப்படிச் சூடானதோ அப்படியே சூடானது.

சூடாகிறது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். இந்தக் காரின் டெம்பரேச்சர் முள்ளை நம்பவே கூடாது. எழுபது எண்பது டிகிரியிலிருந்து நூறைத் தாண்டும்வரை நடுவிலேயே நிற்கும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள், முள் லேசாக அசைந்தாலே ஆட்கள் பயந்து சர்வீஸுக்கு ஓடிவருவார்கள் என்பதால். அது அசைய ஆரம்பிக்கும்போது உள்ளே கதை பாதி முடிந்திருக்கும். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், நடுவில் கசியாமல் அடைக்க ஒரு கேஸ்கட். ஹெட் ஒருமுறை வளைந்தால் அதற்கப்புறம் பேச்சு டிகிரியில் இல்லை, டாலரில். என் வண்டியில் டர்போவுக்காக வேறு இசியு (என்ஜினை நடத்தும் கணினி) போட்டிருக்கிறேன், அது நொடிக்கு நொடி எண்ணைப் பதிவு செய்கிறது. உங்களிடம் அது இல்லையென்றால் எண் காட்டும் சாதாரண மீட்டர் ஒன்றாவது மாட்டுங்கள். என் கணக்கு இது: 85 முதல் 95 வரை நிம்மதி, 100 தாண்டினால் ஒரு கண், 105-இல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கு, 110 என்றால் பேசாமல் ட்ராக்கை விட்டு பிட்டுக்குள் வா.

எண் கிடைத்ததும் அடுத்த கேள்வி, எப்போது ஏறுகிறது என்பது. சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் முதலில் ஃபேனைப் பார்க்க வேண்டும். ஊருக்குள் ஒழுங்காக இருந்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறினால் காற்றுப் போகும் வழியில்தான் முதல் சந்தேகம். என் வண்டி டவுன் டிராபிக்கில் 94. விண்டன் ரேஸ் ட்ராக்குக்குப் போகும் வழியில், ஹியூம் ஃப்ரீவேயில், சேமூர் தாண்டி யூரோவா வரும்வரை 110 கிலோமீட்டர் வேகத்தில் சும்மா நேராகப் போய்க்கொண்டிருந்தேன், வெளியே 36 டிகிரி (இங்கே ஜனவரியில்தான் கத்திரி), எண் 99, 101, 104 என்று படி ஏறுவதுபோல ஏறியது. கூரையைத் திறந்துவிட்டு ஹீட்டரை முழுசாகப் போட்டேன். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே, ஆபத்துக்கு உதவும். கத்திரி வெயிலில் காலில் அனல் அடிக்க ஓட்டிக்கொண்டு போனவனைப் பக்கத்து லாரிக்காரர் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நின்றால் குளிர்கிறது, ஓடினால் கொதிக்கிறது. காற்று அதிகமாக அடிக்கும் இடத்தில்தான் சூடு. எனக்குப் புரியவே இல்லை. ஒரு ராத்திரி டிரைவ்வேயில் வண்டியை நிறுத்தி, விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, பம்பர் வாய்க்குள் டார்ச்சை வைத்து, பானட்டைத் திறந்து மேலிருந்து பார்த்தேன். ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்கு வெளிச்சம். மேலே தாங்கும் சட்டத்துக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் நீளமாக ஒரு கீற்று, தரையைப் பார்த்தால் அங்கே ஒரு பெரிய வட்டமே விழுந்திருந்தது. வெளிச்சம் போகும் இடத்தில் காற்றும் போகும். முன்னால் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது), அதற்குப் பின்னால் ஏசி கண்டென்சர், அதற்குப் பின்னால் என் 600 டாலர் ரேடியேட்டர் என்று மூன்று அடுக்கு நெருக்கமான தகடுகளை நுழைந்து தாண்டு என்றால் காற்று என்ன கேனையா? பக்கத்தில் திறந்த சந்து இருக்கும்போது அதில்தான் போகும்.

தரையில் விழுந்த அந்த வட்டம்தான் பெரிய குற்றவாளி. என்ஜினுக்கு அடியில் கறுப்பு பிளாஸ்டிக் தட்டு ஒன்று வரும். அழுக்காக, பார்க்க ஒன்றுக்கும் உதவாததுபோல இருக்கும். ஆயில் மாற்றும்போதெல்லாம் பத்துப் பதினைந்து போல்ட்டுகளைக் கழற்ற வேண்டுமே என்று எட்டு மாதம் முன்னால் நானே கழற்றிக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தேன். அந்தத் தட்டின் வேலை கல்லடியைத் தடுப்பது மட்டும் என்று நினைத்துவிட்டேன். வாசல் கதவை விரியத் திறந்துவிட்டுக் கொல்லைக் கதவைச் சாத்தி வைத்தால் வீட்டுக்குள் காற்று வருமா? ரேடியேட்டருக்கும் அதே கணக்குதான். முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால்தான் காற்று அதற்குள் நகரும். தட்டு இல்லாவிட்டால் காரின் அடியில் பாயும் காற்று என்ஜின் அறைக்குள் ஏறிப் பின்பக்கத்து அழுத்தத்தைக் கூட்டிவிடும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். ஃப்ரீவேயில் ஏறியதன் காரணம் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் சிலந்திவலையோடு இருந்தது.

தட்டைக் கழுவி மாட்டினேன். கதவு இடுக்குக்கு ஒட்டும் ஃபோம் பட்டை, வன்பொருள் கடையில் பதினைந்து டாலர்கூட ஆகவில்லை, அதை வாங்கிப் பக்கங்களை அடைத்தேன். மேல் கீற்றுக்கு மெல்லிய அலுமினியத் தகடு வெட்டி வளைத்தேன், கையில் ஒரு கீறலோடு. மறுபடி டார்ச். இருட்டு. அடுத்த முறை அதே ஃப்ரீவே, வெளியே 34, எண் 91-இல் உட்கார்ந்துவிட்டது. இரண்டு டிகிரி குறைந்த வெயிலுக்குச் சலுகை கொடுத்தாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. இதையெல்லாம் பழைய ரேடியேட்டரிலேயே செய்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று எனக்கு இனித் தெரியாது, அதை விற்றுவிட்டேன்.

தம்பியிடமும் அடியில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆயில் சம்ப் அம்மணமாகத் தெரிந்தது. “தட்டு எங்கடா?” “கராஜ்ல இருக்குண்ணா.”

அப்புறம் இந்த பானட் தூக்கும் வைத்தியம். பானட்டின் பின்பக்கக் கீல்களுக்கு அடியில் வாஷர் போட்டுக் கண்ணாடிப் பக்கம் ஒரு அங்குலம் தூக்கிவிடுவார்கள், சூடு வெளியே போகுமாம். நிற்கும்போது போகும். வேகத்தில் முன்கண்ணாடியின் அடிவாரம் காற்று வந்து முட்டிக் குவியும் இடம், அங்கே திறந்து வைத்தால் காற்று உள்ளேதான் வரும், மறுபடியும் கொல்லைக் கதவுக் கதை. ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் பானட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் போட வேண்டும், அங்கேதான் வேகத்தில் அழுத்தம் குறையும். அப்பாவின் அம்பாசிடரில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பர்லியாரில் நிறுத்தி பானட்டைத் தூக்கி வைப்போம், அப்பா ஈரச் சாக்கை ரேடியேட்டர் மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் திருகு திருகி, புஸ்ஸென்று ஆவி போகும்வரை நிற்பார். நின்ற வண்டிக்கு அந்த வைத்தியம் சரி. (சாக்கு இருந்தாலும் கொதிக்கும்போது மூடியைத் தொடாதீர்கள். 1.1 பார் மூடி என்றால் உள்ளே தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கிறது, திறந்த நொடியில் அத்தனையும் கொதித்து மேலே வரும்.)

அதே ஊரிலிருந்து வந்த இன்னொரு வைத்தியம், தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வை) கழற்றி எறிவது. சீக்கிரம் திறக்கும் தெர்மோஸ்டாட் வாங்கிப் போடுவது அதன் தங்கச்சி. தெர்மோஸ்டாட் முடிவு செய்வது என்ஜின் குறைந்தபட்சம் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்பதை. அது முழுதாகத் திறந்த பிறகும் எண் 105-க்கு ஏறுகிறது என்றால், பத்து டிகிரி முன்னாலேயே திறந்ததால் என்ன லாபம்? இரண்டு நிமிடம் தாமதமாகக் கொதிக்கும், அவ்வளவுதான். மெல்பர்ன் ஜூலைக் குளிரில் தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டினால் என்ஜின் சூடாகவே ஆகாமல், இசியு குளிர் வண்டி என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், அது ஆயிலில் போய்க் கலக்கும்.

எம்எக்ஸ்-5 காரர்கள் சொல்லும் ரீரூட் (கூலன்ட் ஓடும் வழியை மாற்றுவது) பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அது மட்டும் உண்மையான விஷயம், ஆனால் வேறு விஷயம். இந்த என்ஜின் குடும்பம் முதலில் மஸ்டா 323 போன்ற முன்சக்கர ஓட்டக் கார்களுக்காக வந்தது. அங்கே தண்ணீர் பம்ப் பக்கம் நுழைந்து நாலு சிலிண்டரையும் கடந்து மறுமுனையில் வெளியேறும். எம்எக்ஸ்-5-இல் என்ஜினைத் திருப்பி நீளவாக்கில் வைத்தபோது அந்த மறுமுனை கேபின் சுவரை ஒட்டி வந்துவிட்டது, அதனால் வெளியேறும் வாயையும் முன்னாலேயே வைத்துவிட்டார்கள். முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியே போனால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வரும்? நாலாவது சிலிண்டருக்கு அந்த நிலைமைதான். சாதாரண கார் இதைப் பொறுத்துக்கொள்ளும். டர்போ போட்டால் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) முதலில் எட்டிப் பார்க்கும் இடம் அதுதான். தெர்மோஸ்டாட்டைப் பின்னால் கொண்டுபோய் அங்கிருந்து ஹோஸ் இழுப்பது அதற்கான மருந்து. போட்ட பிறகும் மீட்டரில் எண் பெரிதாகக் குறையவில்லையே என்று திட்டாதீர்கள். மொத்தச் சூட்டை வெளியேற்றுவது இன்னமும் ரேடியேட்டரும் காற்றும்தான், ரீரூட் அதை நாலு பேருக்கும் சமமாகப் பங்கு போடுகிறது.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளைக்கால் (கூலன்டில் சேர்க்கும் உறையாத திரவம்) கலந்ததைவிட வெறும் தண்ணீர் சூட்டை நன்றாகவே சுமக்கும், ட்ராக்குக்கு மட்டும் ஓடும் வண்டிக்கு டிஸ்டில்டு வாட்டரும் துரு தடுப்பானும் போதும். சாலையில் ஓடினால் பாதிக்குப் பாதி. ஊற்றிய பிறகு முன்பக்கத்தை ராம்ப்மேல் ஏற்றி, ஹீட்டரைத் திறந்துவிட்டு, குமிழி நிற்கும்வரை பொறுமையாக ஏர் எடுங்கள். ஏர் லாக்கோடு ஓட்டிவிட்டு ரேடியேட்டர் சரியில்லை என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். எவ்வளவு எடுத்தும் குமிழி நிற்கவே இல்லையென்றால் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள், ஃபோம் பட்டையை அல்ல.

எனக்கு இன்னும் தீராதது ஏசி. 40 டிகிரி நாளில் ஏசியைப் போட்டு ஸ்பிரிங்வேல் சாலை சிக்னல்களில் நின்றால் எண் 102-ஐத் தொடுகிறது. அந்த 600 டாலர் ரேடியேட்டரோடு ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரை மூடும் கூடு) தரவில்லை, ஃபேனை பிளாஸ்டிக் டையால் தகட்டோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்திருந்தார்கள், அதனால் ஃபேன் வட்டத்துக்கு எதிரே இருக்கும் தகடுகளில் மட்டும்தான் காற்று இழுபடுகிறது, நாலு மூலையும் சும்மா கிடக்கிறது. ஷ்ரவுடுக்கு அட்டையில் மாதிரி வெட்டி வைத்திருக்கிறேன். அதுவரை சிக்னல் வந்தால் ஏசியை அணைத்துவிடுகிறேன், பக்கத்து சீட்டிலிருந்து வரும் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.