வடை வாணலியிலிருந்து வரணும்

பாவ் என்ற பன்னுக்குள் உருளைக்கிழங்கு வடையை வைத்துத் தரும் வடா பாவுக்கு, மும்பையின் சிறந்த கடைகள் என்று பட்டியல் போட்டுவிட்டு, அதில் பாதி இடத்தை சீஸ், மயோனைஸ் கடைகளுக்குக் கொடுத்திருக்கிறீர்களே! அது வேறு பண்டம் சார். தாதர் கீர்த்தி கல்லூரி பக்கத்து அசோக் கடையைச் சேர்த்தது மட்டும் நியாயம். அங்கே எண்ணெயில் உதிர்ந்து மொறுமொறுவென்று பொரிந்த கடலைமாவுத் துணுக்குகளையும் வடையோடு பாவுக்குள் திணித்துத் தருவார்கள். சூரா என்று கேட்டு வாங்கணும். பாவ் மெத்தென்று, உள்ளே கரகரவென்று... அதுக்காகவே வரிசையில் நிற்கலாம். சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ்) ரயில் முனையத்துக்கு எதிரே இருக்கும் ஆராம், தானே நகரத்து குஞ்ச்விஹார் ஆகிய இரண்டு கடைகளையும் எப்படி விட்டீர்கள்?

1960களில் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே, மில் தொழிலாளர்கள் ஓடுகிற ஓட்டத்தில் சாப்பிட என்று பிறந்ததாகச் சொல்லப்படும் தீனி இது. அதனால் பெயர்ப்பலகையைவிட வாணலியைப் பாருங்கள். வடை அடுக்கி வைத்திருந்தால் நடையைக் கட்டுங்கள். எடுக்க எடுக்கக் காலியானால் நில்லுங்கள். காய்ந்த பூண்டுச் சட்னியில் கஞ்சத்தனம் கூடாது. உப்புத் தடவிய பொரித்த மிளகாய் கூடவே வரணும். சில கடைகளில் அதைக் கேட்டால்தான் தருகிறார்கள், கேளுங்கள்.