தீயணைப்பு மாவட்டம் தனியார் நிறுவனம் அல்ல

கலிபோர்னியாவின் தீயணைப்பு மாவட்டங்கள் (ஒரு பகுதிக்குத் தீயணைப்புச் சேவை தரும் அமைப்புகள்) தனியார் சந்தா நிறுவனங்கள் என்றும், பணம் கட்டாதவர் வீடு எரிந்தால் வரமாட்டார்கள் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அன்புடன் சொல்கிறேன், இது சரியல்ல.

அவை 1987ஆம் ஆண்டின் தீயணைப்பு மாவட்டச் சட்டப்படி இயங்கும் உள்ளாட்சி அமைப்புகள். பெரும்பாலும் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த இயக்குநர் குழுவே நிர்வகிக்கிறது. சொத்து வரியில் ஒரு பங்குதான் முக்கிய வருவாய்; கூடுதலாகச் சிறப்பு வரி விதிக்கப் பொதுவாக வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். சில மாவட்டங்கள் ஆட்களுக்காக மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயருடன் ஒப்பந்தம் செய்கின்றன. அதுவும் அரசுத் துறைதான். தீ என்று அழைத்தால், வரி கட்டினீர்களா என்று கேட்டுவிட்டு யாரும் வண்டியை எடுப்பதில்லை.

குழப்பம் இன்னொரு அமெரிக்க மாநிலமான டென்னசியிலிருந்து வந்திருக்கலாம். 2010இல் ஒபியன் கவுண்டியில், 75 டாலர் ஆண்டுக் கட்டணம் செலுத்தாத ஒரு வீடு எரிய விடப்பட்டது. கொடுமையான நிகழ்வு, உண்மையும்கூட. ஆனால் அங்கே வந்தது சவுத் ஃபுல்டன் நகரத்தின் தீயணைப்புத் துறை. நகர எல்லைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது கட்டணச் சேவை அளித்துவந்தது.

சரிபார்ப்பது எளிது. கலிபோர்னியாவின் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் 13800ஆம் பிரிவு முதல் படியுங்கள். மாநில அரசின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மாவட்டக் குழுவின் வழக்கமான கூட்டங்களுக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரல் வெளியிடப்பட வேண்டும்; எவரும் போய் உட்காரலாம், கேள்வி கேட்கலாம்.